எரிந்த வீடும் மூன்று பரிசோதனைகளும்

2019 ஏப்ரல் 26ஆந் திகதி வெள்ளிக்கிழமை இரவு சாய்ந்தமருதில் ஒரு வீடு வெடித்து எரிந்தது. உள்ளே செத்தவர்கள் யார் யார் என்று முழுதாகச் சொல்லி முடிக்க இந்த நாட்டின் பொலிஸாருக்கு ஏறத்தாழ நான்கு வருடங்கள் தேவைப்பட்டன. 2023 மார்ச்சில் அவர்கள் சொன்னதை நம்பியவர்களை விரல் விட்டு எண்ணலாம். நான் பழகும் வட்டத்தில் ஒருவர்கூட நம்பவில்லை. தமிழர் நம்பவில்லை, சிங்களவர் நம்பவில்லை, முஸ்லிம்கள் அறவே நம்பவில்லை. இந்த நாட்டில் மூன்று சமூகங்களும் ஒன்றுபடும் விசயங்கள் மிகச் சொற்பம். பொலிஸ் பேச்சாளரின் அறிக்கையை நம்பாமலிருப்பது அவற்றில் ஒன்று.

இந்த நம்பிக்கையின்மை குறித்து எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. அது நியாயமாகப் பிறந்தது என்பது ஒன்று. அதை நம்மவர்கள் சிலர் தலையணையாக்கிப் படுத்துறங்குகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொன்னால் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

நடந்ததை முதலில் பார்ப்போம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஐந்து நாட்களின் பின், சாய்ந்தமருதில் வாடகை வீடொன்றில் வந்து தங்கியிருந்தவர்கள் மீது அயலவர்களுக்குச் சந்தேகம் வந்தது. கேள்வி கேட்டதும் ஊர்மக்கள், பொலிஸுக்குச் சொன்னதும் ஊர்மக்கள். படையினர் வந்தனர், துப்பாக்கிச் சண்டை மூண்டது, குண்டுகள் வெடித்தன. மறுநாள் 15 சடலங்கள் என்றார்கள். அதில் 6 பேர் சிறுவர்கள். சஹ்ரானின் தந்தையும் சகோதரர்களான ரில்வானும் சைனியும் அங்குதான் செத்தார்கள். சஹ்ரானின் மனைவியும் ஒரு மகளும் காயங்களோடு உயிர் தப்பினர். கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயத்தில் குண்டை வெடிக்கச் செய்த ஹஸ்தூனின் மனைவி, சாரா ஜஸ்மின் என்று பெயர் மாற்றிக்கொண்ட புலஸ்தினி மகேந்திரன், அந்த வீட்டில் இருந்தாரா, செத்தாரா, தப்பினாரா என்பதே பின்னர் பெருங்கதையானது.

சடலங்கள் அம்பாறையில் புதைக்கப்பட்டன, தோண்டப்பட்டன, மறுபடி புதைக்கப்பட்டன. தாயின் மரபணுவோடு ஒப்பிட்டுச் செய்த முதலிரு பரிசோதனைகளிலும் எந்தச் சடலமும் பொருந்தவில்லை. 2020 ஜூலையில் சாரா தப்பிப்பதற்கு உதவினார் என்ற குற்றச்சாட்டில் கிழக்கில் கடமையாற்றிய பொலிஸ் அதிகாரி ஒருவர் கைதானார். அவர் கடல் வழியாக இந்தியாவுக்குப் போய்விட்டார் என்ற சாட்சியம் ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் வந்தது. 2022 ஏப்ரலில் மீண்டும் தோண்டினார்கள். 2023 மார்ச்சில், மூன்றாவது பரிசோதனை பொருந்திவிட்டது, சாரா அன்றிரவே இறந்துவிட்டார் என்று அறிவித்தார்கள்.

முதல் இரண்டும் ஏன் பிழைத்தன? எந்த எலும்பில் மாதிரி எடுத்தார்கள்? முதல் முறை எடுத்தவற்றை யார் பூட்டி வைத்திருந்தார்கள், மூன்றாம் முறை யார் தோண்டியெடுத்துக் கொடுத்தார்கள்? செத்தவர் தப்பியதாகச் சொல்லி ஒரு பொலிஸ்காரரைப் பொலிஸே பிடித்ததே, அந்தக் கதைக்கு அடிப்படை என்ன? ஓர் அறிக்கை உண்மையாக இருப்பது மட்டும் போதாது. பிழைத்துப்போன அறிக்கைக்கும் அது கணக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாதபோது மூன்றாவது அறிக்கை சரியாகவே இருந்தாலும் அது முந்திய இரண்டின் தம்பியாகத்தான் சனங்களின் கண்ணுக்குத் தெரியும்.

மன்னாரில் பிறந்தவனுக்கு இந்தக் கதையில் தனியான ஒரு பங்கு வந்து சேர்ந்தது. 'கடல் வழியாக இந்தியாவுக்கு' என்று யாராவது சொன்னால் நாடு முழுவதும் மன்னார்ப் பக்கம் திரும்பிப் பார்க்கும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இராமர் அணை என்கிறார்கள், ஆதம் பாலம் என்கிறோம், மீன்பிடிப்பவனுக்கு அது வெறும் மணல்திட்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் பிள்ளை குட்டிகளோடு சனங்கள் அந்தத் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டதை உலகமே பார்த்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் எங்களை வெளியேறச் சொன்னபோது எருக்கலம்பிட்டிச் சனங்கள் இதே கடலில்தான் வள்ளமேறி கற்பிட்டியில் கரையேறினார்கள். ஆகவே இந்தக் கடலில் ஆள் போகும், வரும், அதில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அரசின் கணக்கில் ஒரு மனிதர் குறையும்போதெல்லாம் இந்தக் கடல்தான் அந்தக் கணக்கைச் சரிக்கட்டுகிறது.

வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளாரை நினைத்துப் பாருங்கள். 1985 ஜனவரி 6ஆந் திகதி, வங்காலைத் தேவாலய வளவில், இராணுவம் சுட்டது என்று ஊரே சொன்னது. உடல் கிடைக்கவில்லை. அவர் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றொரு கதையும் அன்று உலவியது. அடிகளார் எந்தக் கரையிலும் இறங்கவில்லை. அவருக்கும் சாராவுக்கும் எந்த ஒப்புமையும் இல்லை. ஒருவர் தன் சனங்களுக்காக நின்றவர். மற்றவர் தேவாலயத்தில் குண்டு வெடிக்கச் செய்தவனின் மனைவி. நான் ஒப்பிடுவது ஆட்களையல்ல, கதை சொல்லும் முறையை. முப்பத்தைந்து வருட இடைவெளியில் அதே படகு, அதே கடல்.

மண்ணிலும் இதே பிரச்சினைதான். திருக்கேதீச்சரத்தில் 2013இல் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வந்தன. அது பழைய மயானம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது வந்தவை 300க்கும் மேல். எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த காபன் பரிசோதனை முடிவு அவை 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரையான காலத்தவை என்றது. அந்த முடிவு சரியாக இருக்கலாம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கோட்டை கட்டி ஆண்ட தீவு இது, பழைய எலும்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிள்ளையைத் தொலைத்த தாய்மாரிடம் போய் 'காபன் சொல்லிவிட்டது, வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்ல இந்த அரசுக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆய்வுகூடம் அந்நியநாட்டினுடையதாக இருந்தும் சனங்கள் ஏற்கவில்லை. விஞ்ஞானம் தோற்றதால் அல்ல, அதைத் தபாலில் அனுப்பிய கையின் மீது நம்பிக்கை இல்லாததால்.

அந்தக் கையின் சரித்திரம் நீளமானது. 1989 நவம்பர் 13ஆந் திகதி றோஹண விஜேவீர செத்த விதம் பற்றி அரசு சொன்ன கதை என்ன? விசாரணையின்போது அவருடைய சகாவே துப்பாக்கியை எடுத்து அவரைச் சுட்டாராம். உடலும் அவசர அவசரமாக எரிக்கப்பட்டது. அதை நம்பியவர்கள் யாரும் உண்டா? விஜேவீரவின் கட்சியிலிருந்து வந்தவர்கள்தான் 2024 முதல் ஆட்சியில் இருக்கிறார்கள். அரச அறிக்கை என்றால் என்ன என்பதை அவர்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. 2020 ஒக்டோபரில் மாக்கந்துர மதூஷ், 2021 மே மாதத்தில் அடுத்தடுத்து இருவர், எல்லோரும் பொலிஸ் காவலில் இருந்தவர்கள், 'ஆயுதத்தை அல்லது போதைப்பொருளைக் காட்ட அழைத்துப் போன இடத்தில்' செத்தவர்கள். பாத்திரங்களின் பெயரை மட்டும் மாற்றி ஒரே நாடகத்தை மேடையேற்றுகிறவன், ஒரு நாள் உண்மையைச் சொன்னாலும் பார்வையாளர் விசிலடிக்கத்தான் செய்வார்கள்.

உயிர்த்த ஞாயிறு வாரத்திலேயே எத்தனை பிழைகள்! செத்தவர்கள் 359 என்றார்கள், ஏப்ரல் 25ஆந் திகதி அது 253 ஆனது. நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள் ஒரே மாலையில் கணக்கிலிருந்து காணாமற் போனார்கள். அதே நாள், தேடப்படுவோரின் படங்களை வெளியிட்டபோது சஹ்ரானின் மனைவியின் பெயருக்கு மேல் அமாரா மஜீத் என்ற அமெரிக்க முஸ்லிம் எழுத்தாளரின் முகத்தை அச்சடித்துவிட்டு, பிறகு வருத்தம் தெரிவித்தார்கள். பர்தா அணிந்த ஒரு முகம் கிடைத்தால் போதும், யாருடையதென்று பார்ப்பதெல்லாம் வீண்வேலை!

இவற்றையெல்லாம் விடப் பெரியது வவுணதீவு. 2018 நவம்பர் 30ஆந் திகதி அங்கே காவலரணில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டனர். புலிகள் திரும்பவும் தலைதூக்குகிறார்கள் என்றார்கள். முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவர் செய்யவில்லை. செய்தது சஹ்ரானின் கூட்டம் என்பது உயிர்த்த ஞாயிறு முடிந்த பிறகுதான் வெளிவந்தது, 2019 மே மாதத்தில் அவரை விட்டார்கள். தமது சொந்த உடுப்பணிந்த இரண்டு பேரின் கொலையிலேயே பிழையான ஆளைப் பிடித்து, உண்மையான கொலைகாரர்களுக்கு ஐந்து மாத அவகாசம் கொடுத்த ஒரு நிறுவனம் இது. அந்த ஐந்து மாதங்களின் விலையைக் கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியவிலும் மட்டக்களப்பு சீயோனிலும் ஞாயிறு ஆராதனைக்கு வந்த சனங்கள் கட்டினார்கள். 2023 ஜனவரி 12ஆந் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபரையும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவரையும் தலா 7.5 கோடி ரூபாவும் நட்டஈடாகக் கட்டச் சொன்னது. முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கவில்லை என்பதற்காக. ஆக, பொலிஸை நம்பாதது ஏதோ சோனகரின் நோய் அல்ல, நாட்டின் அதியுயர் நீதிமன்றமே கையெழுத்திட்ட முடிவு.

மன்னார்க் கரையில் இன்னொரு கதையும் இருக்கிறது. எழுதுகிற நம் எல்லோரையும் தொடுவது. முசலிப் பகுதியைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீமை 2020 மே மாதத்தில் பயங்கரவாத விசாரணைப் பிரிவினர் கொண்டு போனார்கள். 'நவரசம்' என்ற அவருடைய கவிதைத் தொகுதியில் தீவிரவாதம் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். தமிழ் தெரிந்த எவரும் அந்தப் புத்தகத்தை ஒரு மாலையில் வாசித்து, அதில் வன்முறைக்கு எதிரான குரல் இருப்பதைச் சொல்லியிருக்க முடியும். சொன்னார்கள். யார் கேட்டார்? 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. இடையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் சிறை. குருணாகல் வைத்தியர் ஷாபியின் கதையை இங்கே விரிக்கத் தேவையில்லை, நாலாயிரம் பெண்களுக்கு மலட்டுத்தன்மை என்று ஆரம்பித்து ஆதாரம் ஒன்றுமின்றி முடிந்ததை எல்லோரும் அறிவர். கண்முன் அச்சில் கிடக்கும் கவிதையையே இப்படி வாசித்தவர்கள், கரிந்துபோன எலும்பை எப்படி வாசித்திருப்பார்கள் என்று ஒருவன் கேட்டால் அவனைச் சதிக்கோட்பாட்டாளன் என்று ஒதுக்குவது எப்படி?

நெருப்பையும் சடலத்தையும் அரச அறிக்கையையும் சேர்த்துப் பேசும்போது 2020ஐ விட்டுவிட முடியாது. கொரோனாவில் மௌத்தானவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் நஞ்சாகும் என்று 'நிபுணர்கள்' சொன்னார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் புதைக்கலாம் என்றது, கேட்கவில்லை. இருபது நாள் பச்சைப்பிள்ளை வரை எரித்தார்கள். 276 முஸ்லிம் ஜனாஸாக்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அந்த நிபுணர் அறிக்கையும் வெள்ளைத்தாளில், முத்திரையோடு, விஞ்ஞானத்தின் பெயரால்தான் வந்தது.

இது இலங்கைக்கு மட்டுமான வியாதியும் அல்ல. 1993 ஏப்ரல் 19ஆந் திகதி அமெரிக்காவின் வேக்கோவில், 51 நாள் முற்றுகையின் முடிவில் ஒரு மதக்குழுவின் கட்டடம் எரிந்து 76 பேர் செத்தனர். தீப்பற்றக்கூடிய எந்தக் குண்டையும் நாங்கள் பாவிக்கவில்லை என்று எப்.பி.ஐ. சாதித்தது. 1999இல், ஆறு வருடங்களின் பின், அன்று காலையில் அப்படிச் சில பாவித்தோம் என்று ஒத்துக்கொண்டது. பின்னர் நடந்த தனி விசாரணை, அந்தக் குண்டுகளால் தீ மூளவில்லை, உள்ளேயிருந்தவர்களே மூட்டினார்கள் என்று முடிவு சொன்னது. இங்கேதான் விசயம். பிரதான சம்பவத்தில் அரசு குற்றமற்றதாகவே இருந்திருக்கலாம். சின்ன விசயத்தில் மறைத்ததனால் பெரிய விசயத்தில் உண்மை சொல்லியும் நம்பிக்கை கிடைக்கவில்லை. 2013 பெப்ரவரியில் கலிபோர்னிய மலையில், பொலிஸாரைக் கொன்றுவிட்டு ஓடிய முன்னாள் பொலிஸ்காரர் டோனர் ஒளிந்திருந்த மரவீடு எரிந்தபோதும் இதே கேள்விகள்தான். வேண்டுமென்று எரிக்கவில்லை என்றார்கள், எரியக்கூடிய கண்ணீர்ப்புகைக் குண்டைப் போட்டதையும் ஒத்துக்கொண்டார்கள். செத்தவரைப் பல்லை வைத்து அடையாளம் கண்டார்கள். நமக்குக் கிட்டத்தில், 1991 ஓகஸ்டில் பெங்களூர் கோணனகுண்டேயில் சிவராசனும் கூட இருந்த ஆறு பேரும் செத்துக் கிடந்ததைப் பற்றி, வீட்டைச் சுற்றி வளைத்த பின்பும் ஏன் அவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று தமிழ்நாட்டில் இன்றும் கேட்கிறார்கள்.

இனி நம்மவர்களிடம் வருகிறேன்.

'சேர், எல்லாமே நாடகம்' என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய. சஹ்ரான் ஒரு பொம்மை, கயிறு வேறு கையில், சாரா இந்திய உளவாளி, சாய்ந்தமருது வெடிப்பு ஆதாரத்தை அழிக்கச் செய்தது. 2023 செப்டெம்பரில் சனல் 4 நிகழ்ச்சி வந்த பிறகு இந்தக் கதைக்கு இன்னும் பலம். புலனாய்வுக்காரருக்கும் சஹ்ரான் கூட்டத்துக்கும் தொடர்பு இருந்ததா என்பது விசாரிக்க வேண்டிய கேள்வி, கடைசி இழை வரை விசாரிக்க வேண்டிய கேள்வி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கயிறு யார் கையில் இருந்தாலும், கழுத்தில் குண்டைக் கட்டிக்கொண்டு போனவர்கள் நம் மதரசாக்களிலும் நம் வீடுகளிலும் இருந்து போனார்கள். 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் வாளெடுத்தவர்களை இந்தியா அனுப்பவில்லை. வனாத்தவில்லுத் தென்னந்தோட்டத்தில் 2019 ஜனவரியில் அகப்பட்ட வெடிபொருட்களைச் சேர்த்தவர்கள் யாருடைய பிள்ளைகள்? சாவதற்கு முன் தந்தையும் இரண்டு மகன்மாரும் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவு செய்த காணொளி இருக்கிறது. அதைப் பார்த்த பின்னும் 'நாடகம்' என்பவரிடம் நான் வாதாட மாட்டேன், அவருக்கு வேண்டியது வேறு ஏதோ.

நாடகக் கதை இன்னொரு அநியாயத்தையும் செய்கிறது. அந்த வெள்ளிக்கிழமை, ஆயுதத்தோடு நின்றவர்களின் வாசலில் போய் 'நீங்கள் யார்' என்று கேட்ட சாய்ந்தமருதுச் சாமான்ய மனிதர்களை அது கதையிலிருந்து துடைத்துவிடுகிறது. பொலிஸ் அறிக்கையில் அவர்களுக்கு அரை வரி. நம் சதிக்கதையில் அதுவும் இல்லை. முஸ்லிம் சமூகம் தன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய ஒரு சங்கதியை நாமே தொலைத்துவிட்டு, இல்லாத ஒரு மர்மப் பெண்ணைக் கடலில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சாரா இறந்தாரா இல்லையா? மூன்றாவது பரிசோதனை பொய் என்று காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. இறந்திருப்பார் என்றுதான் எண்ணுகிறேன். ஆனால் என் எண்ணம் யாருக்கும் பிரயோசனமில்லை, பொலிஸாரின் எண்ணமும் அப்படித்தான். வேண்டியது தாள்கள். மூன்று பரிசோதனைகளினதும் முழு அறிக்கை, மாதிரிகள் கைமாறிய பதிவு, மரண விசாரணைக் குறிப்புகள், கைதான அதிகாரிக்கு எதிரான குற்றச்சாட்டு எதனடிப்படையில் வைக்கப்பட்டது என்ற விளக்கம். இவை மூன்று மொழிகளிலும் வெளிவர வேண்டும். ஒரு தாயை மகளின் மரணத்துக்காக மறுபடி மறுபடி ஆய்வுகூடத்துக்கு இழுத்தவர்கள் அவருக்காவது இதைச் செய்திருக்க வேண்டும். அவர் ஓர் இந்துத் தமிழ்த் தாய். மகள் மதம் மாறிப் போனதும், அந்த மகளின் கணவன் யாரென்பதும், மகள் உயிரோடிருக்கிறாள் என்றும் இல்லையென்றும் மாறி மாறி வந்த செய்திகளும் அவருடைய வாழ்நாளில் நடந்தவை. அவருக்காக நம் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை எழுதப்பட்டதாக நான் காணவில்லை.

அந்த ஆறு சிறுவர்கள்? அவர்களைப் பற்றி எந்தத் தரப்பும் பேசுவதில்லை. பொலிஸாருக்கு அவர்கள் பயங்கரவாதியின் பிள்ளைகள், நமக்கு வெட்கம். துப்பாக்கிச் சூட்டில் செத்தார்களா, தகப்பன்மார் வெடிக்கச் செய்த குண்டில் செத்தார்களா, எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார்கள்? தாக்குதல்காரர்களின் ஜனாஸாவை ஏற்க மாட்டோம் என்று உலமா சபை அன்று அறிவித்ததன் நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையும் தாக்குதல்காரர்தானா என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் ஒரு பக்கம்தான். தேசிய பாதுகாப்பு என்று மறுப்பார்கள், ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம், மறுத்தால் அந்த மறுப்பே எழுத்தில் கையில் இருக்கும். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சட்டத்தரணிகள் பலரை நான் அறிவேன். முதல் விண்ணப்பத்தில் அந்த ஆறு பிள்ளைகளின் மரண விசாரணை அறிக்கைகளைக் கேளுங்கள். சாராவை இரண்டாவதில் கேட்கலாம்.